கேள்வி-பதில்: உட்கார்ந்திருக்கும் பணத்துக்கு ஏன் வரி இல்லை?

வரி, சொத்து, ஏற்றத்தாழ்வு என்று கேட்டு வந்த கடிதங்களை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டேன். கடலூர், புதுச்சேரி பக்கத்துக் கடிதங்கள்தான் அதிகம். எல்லை ஓரத்தில் இருப்பவர்களுக்கு வரி என்றால் என்ன என்பது பெட்ரோல் பங்க்கிலேயே தெரிந்துவிடுகிறது போல. வெறும் வசவாக வந்த இரண்டு மூன்றை ஓரமாக வைத்துவிட்டேன்.

கேள்வி (தேவனாம்பட்டினம், கல்லூரி மாணவி): அம்மா மீன் விற்கிறார், அப்பா படகில் பங்குக்குப் போகிறார். பக்கத்துத் தெரு அண்ணன் ஒருவர் "நாங்க கட்டுற வரியிலதான் உங்களுக்கு ரேஷன் அரிசியும் ஓசி பஸ்ஸும்" என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறார். என்ன பதில் சொல்வது?

பதில்: அண்ணனுக்கு வரி என்றால் வருமான வரி மட்டும்தான் போலிருக்கிறது. உங்கள் அம்மா விடியற்காலையில் முதுநகர் துறைமுகத்தில் ஏலத்தில் மீன் எடுத்து, ஐஸ் போட்டு, அன்னக்கூடையை ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஆட்டோ குடிக்கிற எரிபொருளில் மத்திய அரசின் கலால் வரியும் மாநில அரசின் வாட் என்கிற விற்பனை வரியும் இருக்கின்றன, இரண்டும் ஆட்டோ கூலியில் ஏறி அம்மா தலையில்தான் விழுகின்றன. (மீன்பிடிப் படகு டீசலுக்கு மாநில விற்பனை வரி விலக்கு உண்டு. அதைச் சொல்லி அண்ணன் மடக்கப் பார்ப்பார், முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.) அப்புறம் ஜி.எஸ்.டி., செல்போன் ரீசார்ஜுக்கு 18 சதவீதம், கேஸ் சிலிண்டருக்கு 5 சதவீதம். சோப்பு, பற்பசை, பிஸ்கட்டுக்கு 2025 செப்டம்பர் 22 வரை 18 சதவீதம் இருந்தது, அன்றிலிருந்துதான் 5. நாடு முழுக்க 2024-25-இல் வசூலான ஜி.எஸ்.டி. 22 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். அதில் உங்கள் வீட்டுக் காசும் இருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுங்கள். மாதம் 18,000 வருகிற வீட்டில் அத்தனையும் செலவாகிவிடுகிறது, மிச்சம் என்று ஒன்று கிடையாது. வாங்குகிற பொருளில் சராசரியாக நூற்றுக்கு 7 ரூபாய் வரி என்று வைத்தால் 1,260 ரூபாய், அதாவது வருமானத்தில் முழுசாக 7 சதவீதம். மாதம் 3 லட்சம் வருகிறவர் 1 லட்சம் செலவு செய்து நூற்றுக்கு 10 ரூபாய் வரி கொடுத்தாலும் 10,000 ரூபாய்தான், அவர் வருமானத்தில் அது 3 சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டும். அவர் வருமான வரியும் தனியாகக் கட்டுகிறார், அதை மறைக்க வேண்டாம். ஆனால் "நீங்க வரியே கட்டல" என்ற பேச்சு மட்டும் செல்லாது. இன்னொன்று, வருமான வரி ரிட்டர்ன் போடுகிறவர்களிலேயே பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் கட்ட வேண்டிய வரி பூஜ்யம். அண்ணன் அதில் எந்தப் பக்கம் என்றும் மெல்லக் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி (லாஸ்பேட்டை, தனியார் நிறுவன ஊழியர்): சம்பளம் கைக்கு வருவதற்கு முன்பே டி.டி.எஸ். பிடித்துவிடுகிறார்கள். நேரு வீதிக் கடைக்காரர் கணக்கே காட்டுவதில்லை. மாட்டிக்கொள்கிறவன் மாதச் சம்பளக்காரன் மட்டும்தானா?

பதில்: மாட்டிக்கொள்கிறவர் நீங்கள்தான், சந்தேகமில்லை. ஆனால் நீங்கள் கோபப்பட வேண்டிய ஆள் கடைக்காரர் இல்லை என்று நினைக்கிறேன். சின்ன வியாபாரிக்கு விற்றுமுதலில் 6 அல்லது 8 சதவீதத்தை லாபமாகக் காட்டிவிட்டுப் போகலாம் என்று சட்டமே வழி வைத்திருக்கிறது. அதில் ஏமாற்றுகிறவர்களும் உண்டு, ஏமாற்றினாலும் அந்தத் தொகை ஒரு அளவுக்குள்தான் இருக்கும்.

இதைப் பாருங்கள். 2025-26 நிதியாண்டு, புதிய வரி முறை. ஒருவருக்கு வருடச் சம்பளம் 1 கோடி ரூபாய். நிலையான கழிவு 75,000 போக, வரிக்கு மேல் போடுகிற சர்சார்ஜ், செஸ் எல்லாம் சேர்த்து அவர் கட்ட வேண்டியது சுமார் 29 லட்சம். இன்னொருவர் வேலைக்கே போகவில்லை. பழைய பங்குகளை விற்றதில் 1 கோடி ரூபாய் நீண்டகால லாபம், வேறு வருமானம் இல்லை. அவருக்கு வரி விகிதம் 12.5 சதவீதம், 1.25 லட்சம் வரை அதுவும் கிடையாது. அவர் கட்டுவது சுமார் 13½ லட்சம். அதே ஒரு கோடிதான், உழைத்து வந்தால் ஒரு வரி, உட்கார்ந்து வந்தால் அதில் பாதிக்கும் குறைவு.

அந்தப் பங்குகளை விற்காமலே வைத்திருந்தால்? மதிப்பு 1 கோடியிலிருந்து 10 கோடியாக ஏறினாலும் அந்த ஏற்றத்துக்கு ஒரு பைசா வரி இல்லை. பெரிய தொழில் குடும்பங்கள் பங்கை விற்பதில்லை, பணம் தேவைப்பட்டால் அடகு வைத்துக் கடன் வாங்கிக்கொள்கிறார்கள். கடன் வருமானம் ஆகாது. நடமாடுகிற பணத்தைப் பிடிக்கத்தான் நம் சட்டத்துக்குத் தெரியும், ஒரே இடத்தில் உட்கார்ந்து பெருத்துக்கொண்டிருக்கிற பணத்தை அது எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. உங்கள் சம்பளம் ஒன்றாம் தேதி நடமாடுகிறது, அதுதான் அது செய்த குற்றம்.

2019 செப்டம்பரில் கம்பெனி வரியை 22 சதவீதமாகக் குறைத்தார்கள், முதலீடு பெருகும் என்றார்கள். 2023-24-இல் கம்பெனிகள் கட்டிய நிகர வரி 9.11 லட்சம் கோடி. தனிநபர்கள் கட்டியது 10.44 லட்சம் கோடி. கம்பெனிகள் எல்லாம் சேர்ந்து கட்டியதைவிட உங்களைப் போன்ற ஆட்கள் கட்டியது அதிகம்.

கேள்வி (நெல்லிக்குப்பம், வாசகி): வீட்டுக்காரர் கொத்தனார். மூன்று சென்ட் மனை வாங்கி அவர் பெயரில் பதிவு செய்தோம், மதிப்பு 5 லட்சம். பத்திரச் செலவுக்காகவே மகளிர் குழுவில் லோன் போட வேண்டியதாகிவிட்டது. அதே நாளில் பதிவு அலுவலகத்தில் ஒரு பெரிய வீட்டுப் பிள்ளைக்கு அவர் அப்பா கோடிக்கணக்கான நிலத்தை எழுதி வைத்தார். எங்களுக்கு ஆன செலவும் அவர்களுக்கு ஆன செலவும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்று பத்திரம் எழுதுகிறவர் சொன்னார். இது எப்படிச் சாத்தியம்?

பதில்: அவர் சொன்னது சரி, சட்டப்படியே சரி. இந்த இதழுக்கு வந்ததிலேயே கனமான கேள்வி உங்களுடையதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், மொத்தம் 9. உங்கள் 5 லட்சத்துக்கு 35,000-மும் 10,000-மும் சேர்ந்து 45,000 ரூபாய். எழுத்துக்கூலி, வில்லங்கம் பார்த்த செலவு எல்லாம் தனி. குடும்பத்துக்குள் எழுதிக்கொடுக்கிற செட்டில்மெண்ட் பத்திரத்துக்கு விதி வேறு. முத்திரைத் தீர்வை 1 சதவீதம், ஆனால் எவ்வளவு பெரிய சொத்தானாலும் அதிகபட்சம் 40,000. பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000. 2023 ஜூலையில் திருத்திய பிறகுதான் இந்த அளவு, முன்பு இன்னும் குறைவு. ஆக அப்பா மகனுக்கு எழுதுவது 5 கோடி ரூபாய் நிலமாக இருந்தாலும் 50,000 ரூபாயோடு கதை முடிந்தது. உங்களுக்கு நூறு ரூபாய்க்கு ஒன்பது ரூபாய், அவருக்கு நூறு ரூபாய்க்குப் பத்துப் பைசா. நீங்கள் சித்தாள் வேலை, கொத்து வேலை பார்த்துச் சேர்த்த காசு, ஏற்கெனவே ஒவ்வொரு செலவிலும் வரி கட்டி மிச்சம் பிடித்த காசு, அதற்கு ஒன்பது. அவர் அந்த வீட்டில் பிறந்தார், அதற்குப் பத்துப் பைசா.

இந்த உச்சவரம்பை வைத்ததில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். அண்ணன் தம்பி பாகம் பிரிக்கிறபோது, வயதான அம்மா மகளுக்கு ஓட்டு வீட்டை எழுதி வைக்கிறபோது, 9 சதவீதம் கேட்டால் யாரும் பதிவே செய்ய மாட்டார்கள், எல்லாம் வாய்வார்த்தையில் நின்று அடுத்த தலைமுறை கோர்ட்டுக்கு அலையும். சரி, அந்தச் சலுகை ஓட்டு வீட்டுக்கும் அரை ஏக்கர் முந்திரித் தோப்புக்கும் இருந்துவிட்டுப் போகட்டும். நான்குவழிச் சாலை ஓரத்து 5 கோடி நிலத்துக்கு எதற்கு? 2 கோடிக்கு மேல் போனால் உச்சவரம்பை எடுத்துவிட்டு, அதே 1 சதவீதத்தைச் சுத்தமாக வாங்கினாலே அந்தப் பத்திரத்தில் முத்திரைத் தீர்வை மட்டும் 5 லட்சம் ரூபாய் வரும். யாருடைய சொத்தையும் பிடுங்க வேண்டியதில்லை, விகிதத்தை ஏற்றக்கூட வேண்டியதில்லை. இதைக் கேட்கிற எம்.எல்.ஏ. எந்தக் கட்சியிலும் என் கண்ணில் படவில்லை. சட்டசபையில் உட்கார்ந்திருப்பவர்களில் கொத்தனார் வீட்டுக்காரர்கள் அதிகமா, செட்டில்மெண்ட் எழுதுகிற வீட்டுக்காரர்கள் அதிகமா என்று யோசித்தால் காரணம் புரியும்.

எழுதிக்கொடுக்காமலே அப்பா போய்விட்டால் இன்னும் சுலபம். வாரிசு வரி என்று இங்கே எதுவுமே கிடையாது. இங்கிலாந்தில் ஒரு வரம்புக்கு மேற்பட்ட சொத்துக்கு 40 சதவீதம், ஜப்பானில் மிகப் பெரிய சொத்துகளுக்கு 55 சதவீதம் வரை. இங்கே 2024 தேர்தல் நேரத்தில் காங்கிரஸ்காரரான சாம் பிட்ரோடா அமெரிக்க வாரிசு வரியைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார், அவ்வளவுதான், பா.ஜ.க. அதை வைத்தே பிரசாரம் செய்தது, காங்கிரஸ் அது அவருடைய சொந்தக் கருத்து என்று நகர்ந்துகொண்டது.

உங்களுக்கு உபயோகமான ஒன்று: 2025 ஏப்ரல் 1 முதல், 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. உங்கள் பெயரில் பதிந்திருந்தால் 5,000 ரூபாய் மிச்சமாகியிருக்கலாம். இதைப் படிக்கிற மற்றவர்களாவது வீட்டுக்காரரிடம் சொல்லி வையுங்கள்.

கேள்வி (மஞ்சக்குப்பம், ஓய்வுபெற்ற ஆசிரியர்): பணக்காரர்கள் மீது செல்வ வரி ஒரு காலத்தில் இருந்ததே, ஏன் எடுத்தார்கள்? மறுபடி போட்டால் எல்லோரும் வெளிநாடு ஓடிவிட மாட்டார்களா?

பதில்: ஐயா, கேம்பிரிட்ஜிலிருந்து நிக்கோலஸ் கால்டோர் என்ற பொருளாதார அறிஞரை 1956-இல் வரவழைத்து யோசனை கேட்டார்கள். வருமானத்துக்கு இல்லாமல் வைத்திருக்கிற சொத்துக்கே வருடாவருடம் செல்வ வரி போடு, தான வரி போடு, செலவு வரி போடு, அதற்கு ஈடாக வருமான வரியின் உச்சத்தை 45 சதவீதத்தோடு நிறுத்து என்றார் அவர். நிதியமைச்சராக இருந்த டி.டி.கிருஷ்ணமாச்சாரி 1957-இல் செல்வ வரியைக் கொண்டுவந்தார். கால்டோர் சொன்னதில் போடச் சொன்னதை எல்லாம் போட்டார்கள், குறைக்கச் சொன்னதை மட்டும் குறைக்கவில்லை. 1973-74-இல் வருமான வரியின் உச்ச விகிதம் 97.75 சதவீதம். மேல்தட்டில் சம்பாதிக்கிற ஒவ்வொரு நூறு ரூபாயிலும் இரண்டே கால் ரூபாய்தான் கையில் நிற்கும் என்றால் எவன் ஒழுங்காகக் கணக்குக் காட்டுவான்? கறுப்புப் பணம் அந்தக் காலத்தில் தழைத்ததில் ஆச்சரியமில்லை.

1953-இல் வந்த எஸ்டேட் டூட்டி, அதாவது இறந்தவர் சொத்து மீதான வரி, உச்சத்தில் 85 சதவீதம் வரை போயும் வருடத்துக்குச் சுமார் 20 கோடிதான் தந்தது. 1985-இல் நிதியமைச்சர் வி.பி.சிங் அதை எடுத்தார். செல்வ வரிக்கு முக்கியமான வெட்டு 1992-இல் விழுந்தது. வரிச் சீர்திருத்தத்துக்காகப் போட்ட ராஜா செல்லையா குழு சொன்னபடி, தொழிலில் போட்ட பணத்துக்கு வேண்டாம் என்று பங்குகளுக்கு விலக்குக் கொடுத்துவிட்டார்கள். மிச்சம் இருந்தது நகை, கார், காலி மனை, இரண்டாவது வீடு. பெரும் பணக்காரர்களின் சொத்தே பங்குகளில்தான் இருக்கிறது, அதை விட்டுவிட்டு பீரோவைத் திறந்து நகையை எண்ணினால் என்ன கிடைக்கும்? 2013-14-இல் நாடு முழுவதும் கிடைத்தது 1,008 கோடி ரூபாய். இவ்வளவுதானா என்று சொல்லி நிதியமைச்சர் அருண் ஜெட்லி 2015 பட்ஜெட்டில் அதையும் எடுத்துவிட்டார். முதலில் காலை வெட்டிவிட்டு அப்புறம் ஓடவில்லை என்று கணக்கு முடித்தார்கள் என்பதுதான் என் எண்ணம்.

ஓடிப்போகிற விஷயம். நார்வேயில் 2022-இல் செல்வ வரியை ஏற்றியதும் சில பெரும் பணக்காரர்கள் நிஜமாகவே கிளம்பினார்கள், போனது சுவிட்சர்லாந்துக்கு. அங்கும் செல்வ வரி உண்டு! விகிதம் குறைவு, அவ்வளவுதான். ஒரு நாடு மட்டும் போட்டால் ஆள் நழுவுவான் என்பது உண்மை, அதனால்தான் உலகத்தில் இருக்கிற சுமார் 3,000 பில்லியனர்களும் எங்கே இருந்தாலும் சொத்தில் 2 சதவீதமாவது கட்டட்டும் என்று கேப்ரியல் ஜுக்மன் என்ற பிரெஞ்சுப் பொருளாதார அறிஞர் 2024-இல் ஜி-20 நாடுகளிடம் ஒரு திட்டம் கொடுத்தார். பேசினார்கள், டீ குடித்தார்கள், கலைந்தார்கள்.

கேள்வி (ஆல்பேட்டை): கடலூர்க்காரர்கள் பாதிப் பேர் புதுச்சேரி எல்லையான முள்ளோடை தாண்டிப் போய் பெட்ரோல் போடுகிறோம். இதுவும் வரி ஏய்ப்பா?

பதில்: சொந்த டேங்க்கில் போடுகிற வரை ஏய்ப்பு இல்லை, குறைந்த வரியைத் தேடிப் போவது. பெட்டி பெட்டியாகச் சரக்கு ஏற்றிக்கொண்டு செக்போஸ்ட்டைத் தாண்டுவது வேறு, அதற்குக் கேஸ் உண்டு. புதுச்சேரியில் வாட் குறைவு, அதனால் விலை குறைவு, எல்லை உங்களுக்குப் பக்கத்தில் இருப்பதால் லாபம். திட்டக்குடிக்காரர் இதே லாபத்துக்கு வண்டியை எடுத்தால் மிச்சமாகிற காசு வழியிலேயே தீர்ந்துவிடும், அவர் முழு வரியும் கட்டுகிறார். பெரிய கம்பெனிகளும் உலக அளவில் இதைத்தான் செய்கின்றன, லாபத்தைக் கொண்டுபோய் வரி குறைந்த நாட்டில் காட்டுகின்றன. எங்கே காட்டினாலும் 15 சதவீதமாவது கட்ட வேண்டும் என்று 2021-இல் 130-க்கும் மேற்பட்ட நாடுகள் ஒப்புக்கொண்டன. டிரம்ப் 2025 ஜனவரியில் பதவியேற்ற நாளிலேயே அது அமெரிக்காவைக் கட்டுப்படுத்தாது என்று சொல்லிவிட்டார்.

கேள்வி (அரியாங்குப்பம்): நாங்கள் கட்டும் வரி எல்லாம் டெல்லிக்குத்தான் போகிறதா?

பதில்: எல்லாம் இல்லை. ஜி.எஸ்.டி.யில் பாதி உங்கள் அரசுக்கே வருகிறது. ஆனால் மத்திய வரிகளில் மாநிலங்களுக்கு 41 சதவீதம் என்று நிதிக் குழு பிரித்துக் கொடுத்தபோது புதுச்சேரிக்கு அதில் இடமில்லை, யூனியன் பிரதேசம் என்பதால். சட்டசபை இருக்கிறது, முதலமைச்சர் இருக்கிறார், பங்கு இல்லை. டெல்லி பார்த்துக் கொடுக்கிற மானியம்தான். சாராயக் கடை வருமானத்தை உங்கள் அரசு ஏன் அப்படிக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். பங்கு வருகிற தமிழ்நாடே டாஸ்மாக்கில் ஆண்டுக்கு 45,000 கோடிக்கு மேல் வாங்கிக்கொண்டிருக்கிறது என்பது வேறு விஷயம்.

கேள்வி (பண்ருட்டி, இளைஞர்): உழைத்தால் யாரும் பணக்காரர் ஆகலாம் என்கிறார்களே, உண்மைதானே?

பதில்: தம்பி, உங்கள் ஊர் முந்திரிக் கொட்டகை ஒன்றில் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்து பாருங்கள். கொட்டையை உடைக்கிறபோது தெறிக்கிற எண்ணெய் தோலைப் புண்ணாக்கும் என்று சாம்பலைத் தொட்டுத் தொட்டு உடைப்பார்கள், அப்படியும் விரல் நுனி கறுத்துப்போய்தான் இருக்கும், கூலி கிலோ கணக்கில். உழைப்புதான் பணம் என்றால் பண்ருட்டியில் பாதிப் பெண்கள் பங்களாவில் இருக்க வேண்டும்.

உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகம் 2024-இல் வெளியிட்ட கணக்குப்படி, 2022-23-இல் இந்தியாவின் மேல்தட்டு 1 சதவீதத்தினர் கையில் நாட்டு வருமானத்தில் 22.6 சதவீதம், நாட்டுச் சொத்தில் 40.1 சதவீதம். இரண்டாவது எண் முதலாவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இருப்பதைக் கவனியுங்கள். அந்தச் சொத்து அவர்களுடைய இந்த வருடச் சம்பாத்தியத்தில் சேர்ந்தது இல்லை, முன்னாடியே இருந்தது, தானாகவே குட்டி போட்டது. உழைக்காதீர்கள் என்று சொல்லவில்லை, உழையுங்கள். பணக்காரர் ஆகவில்லை என்றால் நாம் சரியாக உழைக்கவில்லை போல என்று மட்டும் நினைத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி (முதலியார்பேட்டை): உங்கள் பதில்களைப் படித்தால் நீங்கள் கம்யூனிஸ்ட் மாதிரி தெரிகிறது. எல்லோருக்கும் ஒரே வருமானம் வேண்டும் என்கிறீர்களா?

பதில்: இல்லவே இல்லை. நல்ல டாக்டருக்கும் சுமாராக எழுதுகிற எனக்கும் ஒரே வருமானம் என்றால் நானே எதிர்ப்பேன். வித்தியாசம் இருக்கட்டும், அது அடுத்த தலைமுறைக்கு வட்டியோடு போய்க்கொண்டே இருக்கிறதே, அதைப் பற்றித்தான் பேச்சு. அப்புறம், முதலியார்பேட்டையிலிருந்து இந்தக் கேள்வி வருவதுதான் வேடிக்கை. 1936 ஜூலை 30 அன்று புதுச்சேரி மில் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சு அரசின் போலீஸ் சுட்டதில் 12 பேர் செத்தார்கள், எட்டு மணி நேர வேலை அதற்கப்புறம்தான் இங்கே சட்டமானது. அதுவரை அந்தக் கோரிக்கைக்கும் இதே பெயர்தான் வைத்திருந்தார்கள். இன்று அலுவலகத்தில் எட்டு மணி நேரம் முடிந்ததும் பையைத் தூக்குகிற யாரும் தன்னைக் கம்யூனிஸ்ட் என்று நினைப்பதில்லை.

கேள்வி (விருத்தாசலம்): ஊருக்கெல்லாம் வரி பற்றிச் சொல்கிறீர்களே, உங்கள் சன்மானத்துக்கு வரி கட்டுகிறீர்களா?

பதில்: டி.டி.எஸ். பிடிக்கிற அளவுக்கு இந்தப் பத்திரிகை கொடுத்தால் சந்தோஷமாகக் கட்டுவேன். ஆசிரியர் இந்தப் பதிலை வெட்டாமல் போட்டால் அடுத்த இதழில் சம்பள உயர்வு பற்றியும் ஒரு கேள்வி அனுப்புங்கள், பெயர் போட வேண்டாம்.